வழக்கு வேறு கோர்ட்டுக்குப் போனது தெரியாமல் எக்ஸ்பார்ட்டி ஆனவருக்கு

கேள்வி: பாபநாசம் வட்டத்தில் அப்பா சுயமாக வாங்கிய ஆறு மா நஞ்சையும் ஒரு வீடும் இருக்கின்றன. உயில் இல்லை, அம்மாவும் இல்லை. அக்கா போட்ட பாகப்பிரிவினை வழக்கில் வக்காலத்தும் எதிருரையும் தாக்கல் செய்தேன். அப்புறம் புதிதாகத் திறந்த சார்பு நீதிமன்றத்துக்கு வழக்கை மாற்றிவிட்டார்கள். வக்கீல் சொல்லவில்லை. போன ஆண்டு ஆடியில், நான் ஆஜராகாததால் எக்ஸ்பார்ட்டி ஆகி, அக்காவுக்குப் பாதி என்று தீர்ப்பு. தை மாதம் மகன் கோர்ட் ஆப்பில் பார்த்தபோது பழைய கோர்ட்டில் வழக்கு முடிந்ததாகக் காட்டியது. இப்போது சொத்தை அளந்து பிரித்துக் கொடுக்கும் ஃபைனல் டிகிரிக்கான நோட்டீஸ் வந்திருக்கிறது. அக்காவுக்கு 30 பவுன் போட்டது நான். அப்பாவுக்கு வைத்தியம் பார்த்ததும் நான். தீர்ப்பை ரத்து செய்ய முடியுமா?

பதில்: நகை, வைத்தியம், வக்கீல் மீதான கோபம், எல்லாவற்றையும் ஓரமாக வையுங்கள். வழக்கு மாறிய பிறகு உங்களுக்கோ உங்கள் வக்கீலுக்கோ புதுக் கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வந்ததா என்பதுதான் விஷயம். வழக்கில் அன்றன்று நடந்ததைக் கோர்ட் குறித்துவைக்கும் பி டைரியின் நகல் வாங்கினால் தெரிந்துவிடும். நோட்டீஸ் போகவில்லை என்றால் உங்களிடம் ஒரு காரணம் இருக்கிறது. போயிருந்தால் ரொம்பக் கஷ்டம்.

எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்ய மனுப் போட, தீர்ப்பு தெரிந்த நாளிலிருந்து 30 நாள் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 123-வது இனத்தில் அந்தச் சலுகை சம்மன் முறைப்படி சேராதவருக்குத்தான். நீங்கள் வக்காலத்து போட்டவர். உங்களுக்குத் தீர்ப்பு நாளிலிருந்தே கணக்கு. ஆகவே அதே சட்டத்தின் பிரிவு 5-இன் கீழ் தாமத மன்னிப்பு மனுவும் சேர்த்துப் போட வேண்டும்.

கட்சிக்காரர்கள் விழும் குழி அந்த மனுவின் பிரமாணப் பத்திரத்தில்தான் இருக்கிறது. ‘ஃபைனல் டிகிரி நோட்டீஸ் வந்தபோதுதான் எனக்குத் தெரியும்’ என்று கூசாமல் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். தையிலேயே மகன் பார்த்ததை எனக்கு எழுதிய நீங்கள், கோர்ட்டில் மறைக்கப் போகிறீர்களா? எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் கேட்கும் முதல் கேள்வியே செல்போனைப் பற்றித்தான் இருக்கும்: ஆப்பில் பார்த்தீர்களா, எஸ்.எம்.எஸ். வந்ததா, மகன் வாட்ஸ்அப்பில் என்ன அனுப்பினார்? நீதிமன்றங்களைக் கணினிமயமாக்கும் இ-கோர்ட்ஸ் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023-இல் மத்திய அரசு 7,210 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. உங்கள் வாய்தாவுக்கு ஆப் வந்து நிற்காது. உங்களுக்கு எதிரான சாட்சியாக மட்டும் வரும். ஒரு தேதி பொய் என்று ஆகிவிட்டால், புதுக் கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வரவில்லை என்ற உண்மையான காரணமும் அதோடு அடிபட்டுப் போகும். தையில் பார்த்ததைச் சொல்லி, அதற்குப் பின் ஏன் சும்மா இருந்தீர்கள் என்பதையும் விளக்குங்கள்.

இன்னொன்று. ‘தீர்ப்பையே ஏற்கவில்லை, நிலத்தை அளக்கக் கோர்ட் அனுப்பும் கமிஷனர் வந்தால் எனக்கென்ன’ என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். தடையுத்தரவு இல்லாதவரை ஃபைனல் டிகிரி வேலை நடந்துகொண்டே இருக்கும். கமிஷனரும் சர்வேயரும் வந்து அளக்கும்போது வரப்பில் நிற்பவர் அக்கா மட்டும் என்றால், போர்செட்டும் வாய்க்கால் மடையும் உள்ள பக்கம் யாருக்குப் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எழுத்தில் ஆட்சேபனை கொடுத்துவிட்டு, கூடவே நில்லுங்கள்.

தாமத மன்னிப்பு மனு தள்ளுபடியானால் சீராய்வுக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. தஞ்சாவூர் மாவட்டத்துக்கு அதுதான். இத்தனையும் கடந்து வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்தாலும், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் பிரிவு 8-இன்படி மகனுக்கும் மகளுக்கும் சரிபாதிதான். போட்ட 30 பவுனுக்காக அக்காவின் பாகம் ஒரு குழி நிலம்கூடக் குறையாது. அதற்குள் அவர் பாதிக்கான மகசூல் வருமானத்தையும் உங்களிடம் கேட்டு நிற்பார்.

அதனால் சமாதானம் பேசுங்கள். பாதி போவது போவதுதான். எந்தப் பாதி என்பதில் பேச இடம் இருக்கிறது. வீடு உங்களுக்கு, ஈடாக வயலில் கூடுதல் அக்காவுக்கு என்ற மாதிரி ஏதாவது ஒன்று. முடிந்ததும் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) பதிந்துகொள்ளுங்கள். கையெழுத்துக்கு முன் சர்வே எண்ணும் உட்பிரிவும் வரைபடத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். லோக் அதாலத் தரும் அவார்டுக்கு (தீர்ப்புக்கு) அப்பீல் கிடையாது.