பட்டறைய வித்துட்டு வரவா, மச்சான் கிட்ட விட்டுட்டு வரவா?

தம்பி, கோயமுத்தூர் கணபதில மூணு லேத் (கடைசல் மிஷின்) போட்டு ஜாப் ஒர்க், அதான் அடுத்தவங்க குடுக்கற பீஸ கூலிக்கு கடைஞ்சு குடுக்கறது, பண்றேன், கனடா பிஆர், அதான் நிரந்தரமா குடியிருக்கற அனுமதி, வந்துருச்சு, பட்டறைய விக்கவா இல்ல மச்சான் பாத்துக்கட்டும்னு விட்டுட்டு வரவான்னு கேட்டுருக்கீங்க. கூடவே இங்க வீட்டு வாடகை, குளிருக்கு ஜாக்கெட்னும் கேட்டுருந்தீங்க. ஜாக்கெட் இங்க வந்து வாங்குங்க, வாடகை ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க, விடுங்க.

மச்சான்னு பாத்ததும் எனக்கு சிரிப்பு வந்துருச்சுங்க. 2011 பிப்ரவரில இங்க டொரான்டோ பக்கத்துல பிராம்ப்டன்ல வந்து எறங்குனேன். அதுக்கு முன்னாடி கோயமுத்தூர் பீளமேட்டுல எனக்கு நாலு லேத், பம்ப்பு ஷாஃப்ட் கடையற வேலை. ஒரு வருஷம் பாத்துட்டு வித்துக்கலாம்னு மச்சினனுக்கு பவர் எழுதிக் குடுத்துட்டு வந்தேன், அந்த ஒரு வருஷம் ஏழு வருஷமாயிருச்சு. குளிர்காலத்துல அங்க காலைல ஒம்பது மணின்னா இங்க முந்தின நாள் ராத்திரி பத்தரை. வேர்ஹவுஸ்ல பெட்டி தூக்கிட்டு வந்து, பேஸ்மென்ட்ல பேசுனா ஹீட்டர் டக்ட் வழியா மேல வீட்டுக்காரருக்கு கேக்கும்னு பாத்ரூம்ல உக்காந்து, ஷாஃப்ட் ஏன் ரிஜெக்ட் ஆச்சுன்னு மெதுவா கேப்பேன். அவன் மெட்டீரியல் சரியில்லைம்பான். அத நான் எப்படி தொட்டுப் பாக்கறது சொல்லுங்க?

மச்சினன் கெட்டவன் இல்லைங்க. அவன் காசு அதுல இல்ல, அவ்ளோதான். நம்ம ஆளுங்க இங்க சில பேரு பொங்கல் விழாவுல "ஊர்ல யூனிட் ஓடுது"ன்னு சொல்றதுக்காகவே வச்சிருக்காங்க, ஒரு ரூபா வந்துச்சான்னு கேட்டுப் பாருங்க, பேச்ச மாத்திருவாங்க. ஒறம்பரைல ஒருத்தர் பங்கு போட்டு பணம் எறக்கறதா இருந்தா வச்சுக்குங்க, இல்லைன்னா வித்துருங்க.

அதுவும் ஓடிட்டு இருக்கறப்பவே. ஆர்டர், ஆளு, கரண்ட் கனெக்ஷனோட குடுத்தா அது பட்டறை. பூட்டிட்டா பழைய இரும்புதான், கிலோ கணக்குதான். 2017 ஜூலைல ஜிஎஸ்டி வந்தப்ப ஜாப் ஒர்க்குக்கு 18 பர்சென்ட், மச்சினன் சோந்துட்டான், பட்டறைய பூட்டிட்டு ஜிஎஸ்டி ரிட்டர்னும் (வரிக் கணக்கும்) போடல. ஒரு பில்லு போடலைன்னாலும் ரிட்டர்ன் போடணும், இல்லாட்டி நாள் கணக்குல லேட் ஃபீ ஏறும், ஜிஎஸ்டி நம்பர முறையா கேன்சல் பண்ற வரைக்கும் விடாது. 2018ல நான் போய் ஷட்டர தூக்குனா அப்பா வாங்குன கிர்லோஸ்கர் டர்ன்மாஸ்டர் லேத்தோட பெட், அதான் அடிப்பாகம், பூரா துரு, விரல வச்சா செவப்பா ஒட்டுது. பழைய இரும்புக்காரங்க எடை போட்டுத்தான் எடுத்தாங்க. அவங்க எடுத்த அன்னிக்கு நான் வெளிய டீக்கடையில நின்னுட்டேன், உள்ள போகல.

விக்க முடியாம வந்தீங்கன்னா, வர்றதுக்கு முன்னாடி வேல்யுவர் (மதிப்பு போடறவர்) கிட்ட மிஷினு, எடம் எல்லாத்துக்கும் தேதி போட்டு மதிப்பு வாங்கிக்குங்க. நீங்க இங்க குடியேறுன அன்னிக்கு மார்க்கெட் விலை என்னவோ அதுதான் கனடா வரிக் கணக்குல நீங்க வாங்குன விலை, பின்னாடி விக்கறப்ப லாபத்த அதுல இருந்துதான் பாப்பாங்க. எனக்கு இத யாரும் சொல்லல. அப்பறம் வித்த பணம் என்ஆர்ஓ அக்கவுண்ட்ல, அதான் வெளிநாட்டுல இருக்கறவங்க இந்தியாவுல வச்சுக்கற பேங்க் கணக்குல, விழும், வருஷத்துக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் வரைக்கும் வெளிய கொண்டு போலாங்கறாங்க, நம்ம பட்டறைக்கு அந்த லிமிட்ட எங்க தொடறது!

வேலைக்கு கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ், அதான் கனடால வேலை பாத்த அனுபவம் இருக்கான்னு அலைய விடுவாங்க. என்னையும் விட்டாங்க. கடைசில ஒரு மெஷின் ஷாப்ல எதுவும் கேக்காம ஒரு பீஸ குடுத்து கடைஞ்சு காட்டுன்னாங்க, காட்டுனேன், இன்னிக்கு வரைக்கும் அங்கதான் இருக்கேன். மிஷின வித்தாலும் அளவு பாக்கற மைக்ரோமீட்டர விக்காதீங்க தம்பி, பெட்டியில போட்டுட்டு வாங்க. ஆனா இங்க நெறைய ஷாப்ல இன்ச்லதான் பேசுவாங்க, ப்ளைட்லயே பழகிக்குங்க.