மலைக்காரர்கள் வெந்நீர் ஊற்றுக்குப் போனால்: கேள்வி பதில்

குன்னூரில் இருந்துகொண்டு வருடத்துக்கு இரண்டு முறை இமாச்சலப் பிரதேசத்துக்கு ஆட்களை அழைத்துப் போய் வருகிறேன். கிளம்பும்போது எல்லோருக்கும் மணாலி, பனி, போட்டோ இவைதான் பேச்சு. திரும்பி வந்தபின் வாய் ஓயாமல் சொல்வதோ மணிகரனில் கொதிக்கிற தண்ணீரைப் பற்றி. அடுத்த பயணம் அக்டோபர் கடைசியில். அதற்கு முன்னால் நீலகிரி, கொடைக்கானல் பக்கத்து நண்பர்கள் கேட்டு அனுப்பியவற்றைச் சேர்த்து வைத்துப் பதில் எழுதுகிறேன்.

லவ்டேலிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: ஊட்டியும் மலைதான், இங்கேயும் குளிர்தான். நம் பக்கம் ஏன் ஒரு வெந்நீர் ஊற்றுகூட இல்லை அண்ணா?

தம்பி, குளிருக்கும் ஊற்றுக்கும் சம்பந்தமே இல்லை. சூடு கீழே இருந்து வருகிறது. பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சாதாரணமாக 25 முதல் 30 டிகிரி வரை வெப்பம் கூடும். மழைத் தண்ணீரும் பனி உருகிய தண்ணீரும் பாறை வெடிப்பு வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடாகின்றன. ஆறிப்போவதற்குள் மேலே ஏறி வர ஒரு நல்ல வழி கிடைத்தால் அது வெந்நீர் ஊற்று. இமயமலையில் அப்படிப்பட்ட வழிகளுக்குப் பஞ்சமில்லை. இந்திய நிலத்தட்டு இன்றைக்கும் வடக்கே முட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த நெருக்கலில் பாறை ஆழம்வரை உடைந்து கிடக்கிறது. மணிகரன் இருக்கிற பார்வதி பள்ளத்தாக்கில் எரிமலை கிடையாது, ஆனாலும் தண்ணீர் கொதிக்கிறது என்றால் காரணம் இதுதான்.

நம் நீலகிரி சார்னோகைட் என்கிற கெட்டிப் பாறை. ஏறத்தாழ 250 கோடி வருடப் பழசு. ஆடி அடங்கிவிட்ட பெரியவர். நம் மலையில் ஊற்றுக்குக் குறைவில்லை, எல்லாம் ஜில்லென்று வரும். பழனி மலையும் அதே கதைதான். தெற்கில் பக்கத்தில் பார்க்க ஆசையென்றால் மங்களூர் தாண்டாமலே, தட்சிண கன்னட மாவட்டம் புத்தூர்ப் பக்கம் பெந்த்ரு தீர்த்தம் இருக்கிறது. ஆனால் அது குழந்தையைக் குளிப்பாட்டுகிற பதம்தான். கொதிநீரை எதிர்பார்த்துப் போனால் ஏமாந்து போவீர்கள்.

அருவங்காட்டிலிருந்து ஒரு அக்கா: மணாலியில் தங்கிக்கொண்டு ஒரே நாளில் மணிகரன் போய்த் திரும்ப முடியுமா? அந்த நாள் எப்படிப் போகும்?

முடியும் அக்கா, காலை ஏழு மணிக்கு வண்டியில் உட்கார்ந்துவிட்டால். மணாலியிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். பியாஸ் ஆற்றோடு குல்லு வழியாக இறங்கினால் புந்தர் வரும். அங்கேதான் பார்வதி ஆறு வந்து பியாஸில் சேர்கிறது. அந்த இடத்தில் திரும்பி ஜரி, கசோல் என்று மேலே ஏற வேண்டும். கசோலிலிருந்து மணிகரன் நாலே கிலோமீட்டர். சாலை ஒடுக்கம். எதிரே பஸ் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் எடுத்தாக வேண்டும். கல்லாறு கொண்டை ஊசி வளைவுகளில் வளர்ந்த நமக்கு இது பெரிய விஷயமில்லை. சமவெளியிலிருந்து வந்தவர்கள்தான் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

வண்டியை நிறுத்திவிட்டுப் பாலத்தில் நடந்து குருத்வாராவுக்கு, அதாவது சீக்கியர் கோயிலுக்குப் போக வேண்டும். பாலத்துக்குக் கீழே பார்வதி ஆறு, கைவைத்தால் விரல் மரத்துப்போகும் குளிர்ச்சி. அதன் கரையிலேயே ஆவி பறக்கிற ஊற்று. இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கிறபோது யாராக இருந்தாலும் ஒரு நிமிடம் பேச்சு நின்றுவிடும். பதினாறு வருடமாகப் பார்க்கிறேன், எனக்கும்தான்.

தலையை மூடாமல் குருத்வாராவுக்குள் போகக் கூடாது. துப்பட்டா, கைக்குட்டை எதுவானாலும் சரி. என் கணக்கில் முதலில் குளியல், பிறகு லங்கர், அதாவது குருத்வாராவில் எல்லோருக்கும் போடுகிற இலவசச் சாப்பாடு. மாற்றிச் செய்தால் நிறைந்த வயிற்றோடு சூட்டில் இறங்கிப் புரட்டிக்கொண்டு வரும். பக்கத்திலேயே சிவன் கோயில். பார்வதியின் காதணி மணி தண்ணீரில் விழுந்து, ஆதிசேஷன் சீறியபோது கொதிநீரோடு மணிகள் வெளியே வந்தன என்று கதை. மணிகரன் என்ற பெயரே அதிலிருந்து வந்தது. மூன்று மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். இருட்டில் அந்தச் சாலை வேண்டாம்.

அவ்வளவு தூரம் உட்கார முடியாதவர்களுக்கு வசிஷ்ட் இருக்கிறது. மணாலியிலிருந்து மூன்று கிலோமீட்டர். வசிஷ்டர் கோயிலை ஒட்டிக் கல்தொட்டி. அரை நாள் போதும்.

ஊட்டி, காந்தலிலிருந்து ஒரு அம்மா: எங்கள் வீட்டில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. மலை மேல் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், ஆனால் சூடு போதாது என்பார்கள். அப்படியிருக்க ஊற்றில் எப்படிச் சோறு வேகிறது?

எனக்கு வந்ததிலேயே இதுதான் நல்ல கேள்வி. உயரம் 300 மீட்டர் கூடினால் கொதிநிலை சுமார் ஒரு டிகிரி குறையும். ஊட்டி 2,240 மீட்டர். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மணிகரன் சுமார் 1,760 மீட்டர். அதாவது உங்கள் காந்தலை விடத் தாழ்வு. அங்கே கொதிநிலை 94 பக்கம். மணிகரன் ஊற்றின் சூடும் ஏறக்குறைய அதே அளவு. ஆக, அந்த உயரத்தில் அடுப்பில் வைத்தாலும் இதைவிடச் சூடான தண்ணீர் கிடைக்காது. சோறு வேகாமல் என்ன செய்யும்?

வேகிறது, ஆனால் நிதானமாக. லங்கருக்கு அரிசியையும் கொண்டைக்கடலையையும் பெரிய பாத்திரங்களில் போட்டு ஊற்றுக்குள் இறக்கி வைத்துவிடுவார்கள். சீக்கியர் மரபில், குரு நானக் வந்தபோது ரொட்டியை இந்தத் தண்ணீரில் இட்டார்கள், மூழ்கியது, வேண்டிக்கொண்டபின் வெந்து மேலே மிதந்தது என்று சொல்வார்கள். வருகிறவர்களும் அரிசியைச் சின்னத் துணி மூட்டையாகக் கட்டி, கயிற்றில் தொங்கவிட்டு எடுக்கலாம். யமுனோத்திரியில் சூரிய குண்டத்திலும் இதே வழக்கம். அரிசியும் உருளைக்கிழங்கும் வேகவைத்துப் பிரசாதமாகக் கொண்டு வருவார்கள். கயிற்றை மட்டும் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். கல் வழுக்கும். குளிக்கிற தொட்டி வேறு. இது சோறு வடிக்கிற தண்ணீர்.

கோத்தகிரியிலிருந்து ஒரு தங்கை: அம்மாவுக்கு 68 வயது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். முழங்கால் வலிக்கு ஊற்றில் முங்கி எழுந்தால் நல்லது என்று யாரோ சொல்லிவிட்டார்கள், ஒரே பிடிவாதம். கூட்டிப் போகலாமா அண்ணா?

தாராளமாகக் கூட்டி வாருங்கள் அம்மா. முங்குவதை மட்டும் விட்டுவிடுவோம். சூட்டுத் தண்ணீரில் இருக்கும்போது ரத்தக் குழாய்கள் விரியும், அழுத்தம் இறங்கும். மாத்திரையும் அதே வேலையைத்தான் செய்கிறது. இரண்டும் சேர்ந்து, சட்டென்று எழுந்து நிற்கிற நொடியில் கண் இருட்டும். இது வயதானவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். 27 வயதில் முதல் தடவை வசிஷ்ட் போனபோது, சுகமாக இருக்கிறதே என்று முக்கால் மணி நேரம் கழுத்தளவு தண்ணீரில் கிடந்தேன். எழுந்தேன். அடுத்து ஞாபகம் இருப்பது, ஒரு உள்ளூர்ப் பெரியவர் என் கையைப் பிடித்துப் படியில் உட்காரவைத்து ஏதோ திட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு இந்தி புரியாதது ஒரு பாக்கியம்.

அம்மாவைப் படியில் உட்காரவைத்து, முழங்கால்வரை மட்டும் பத்து நிமிடம். அதற்குமேல் வேண்டாம். எழுவதற்கு முன் காலை வெளியே எடுத்துக் கொஞ்சம் உட்கார்ந்து, பிறகு உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு எழட்டும். முன்னும் பின்னும் குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். சர்க்கரை உள்ளவர்களிடம் இன்னொரு விஷயம் உண்டு: பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், சுடுவது தெரியாது. குழந்தைக்கு ஊற்றும்போது முழங்கையை விட்டுப் பார்ப்போமே, அப்படி நீங்கள் பதம் பார்த்துவிட்டு அம்மாவை இறக்குங்கள். காலில் புண் இருந்தால் அன்றைக்கு வேடிக்கை பார்த்தால் போதும். கிளம்புவதற்கு முன் அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் டாக்டர் சொல்லாமல் இறங்கவே கூடாது. குடித்துவிட்டு வருகிறவர்களை நானே இறங்கவிடுவதில்லை.

முழங்கால் வலி தீருமா என்றால், சூட்டுக்கு வலி இளகும், அன்றைக்கு இரவு நன்றாகத் தூக்கம் வரும். மாத்திரையை நிறுத்துகிற அளவுக்கு அதில் மருத்துவம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தலைகுந்தாவிலிருந்து ஒரு நண்பர்: டிசம்பரில் உறைபனியில் ஏர் ஓட்டுகிறவர்கள் நாங்கள். மணாலிக் குளிர் எங்களை என்ன செய்துவிடும்?

இதே வீராப்போடு ஒற்றை ஸ்வெட்டரில் வந்த மூன்று பேர் குல்லு கடைத்தெருவில் ஆளுக்கொரு சால்வை வாங்கிப் போர்த்திக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன் சார். வேடிக்கை என்னவென்றால், உயரத்தில் நாம்தான் மேலே. மணாலி 2,050 மீட்டர் அளவில்தான் இருக்கிறது. ஆனால் நாம் இருப்பது 11-ஆவது அட்சரேகையில், அது 32-ஆவதில். நம் ஊரில் விடியற்காலை புல் வெளுத்துக் கிடந்தாலும் பத்து மணிக்கு வெயில் முதுகைச் சுடும். அங்கே ஜனவரியில் வெயில் அடிக்கும், சூடு இருக்காது. நிழலில் விழுந்த பனி அப்படியே கிடக்கும்.

ஊற்றுக்கு வருகிறவர்களுக்கு ஆபத்தான நேரம் தண்ணீரை விட்டு வெளியே வந்த முதல் ஐந்து நிமிடம். உடம்பு சூடாக இருப்பதால் குளிர் தெரியாது. ஈரத் துண்டோடு நின்று செல்ஃபி எடுப்பார்கள். இரவு பார்த்தால் தும்மலும் காய்ச்சலும். தலையை நனைக்காமல் குளியுங்கள். அந்தத் தண்ணீர் மூக்கில் ஏறாமல் இருப்பதும் நல்லது. உலர்ந்த துணி ஒரு செட், மங்கி குல்லா, ஈரத்துணிக்கு ஒரு பிளாஸ்டிக் பை. இவ்வளவுதான் மூட்டை.

குன்னூரிலிருந்து ஒரு டீச்சர்: பெண்கள் குளிக்கத் தனி இடம் உண்டா? உடை மாற்ற வசதி எப்படி?

மணிகரன் குருத்வாராவிலும் வசிஷ்டிலும் பெண்களுக்குத் தனித் தொட்டி, சுவர் வைத்தது. உடை மாற்றும் இடம் சுமார்தான், ஈரத் தரை. நைட்டியோ பழைய சுடிதாரோ போட்டு இறங்குவது சௌகரியம். சேலை தண்ணீரில் கனத்துவிடும். சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதுவும் தொட்டிக்குள் வேண்டாம். எல்லோரும் இறங்குகிற தண்ணீர் அது. வசிஷ்டில் தொட்டிக்கு வெளியே குழாய்களில் ஊற்று நீர் வருகிறது. ஊர்ப் பெண்கள் அதில் துணி துவைத்துக்கொண்டிருப்பார்கள். பனிக்காலத்தில் கை விறைக்காமல் துவைக்க முடிகிறது. எங்கள் வீட்டில் அதைப் பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் பெருமூச்சு.

கொடைக்கானலிலிருந்து ஒருவர்: லடாக்கில் லே போகிறோம். பனாமிக் அல்லது பூகா ஊற்றை ஒரே நாளில் சேர்த்துக்கொள்ளலாமா?

போய் இறங்கிய மறுநாளே என்றால் கூடவே கூடாது. நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். லே நகரமே 3,500 மீட்டர். விமானத்தில் இறங்கியதும் இரண்டு நாளாவது சும்மா இருக்க வேண்டும். பனாமிக் நுப்ரா பள்ளத்தாக்கில் இருக்கிறது. கர்துங் லா கணவாயைத் தாண்டிப் போக வேண்டும், அங்கேயே ஓர் இரவு தங்குவதுதான் முறை. பூகா 4,400 மீட்டர். அங்கே பூமிச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்க 2021-இல் ஓஎன்ஜிசி ஒப்பந்தம் போட்டது. பார்க்க வேண்டிய இடம், குளிக்கப் போகிற இடமில்லை. சிந்து நதிக்கரையில் சுமாத்தாங் இருக்கிறது, கணவாய் ஏறாமல் போகலாம். உடம்பு பழகிய பிறகு அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூடலூரிலிருந்து ஒருவர்: எங்களுக்கு ஜூலையில்தான் லீவு கிடைக்கும். வரலாமா?

வேண்டாம் சேட்டா. 2023 ஜூலையில் பியாஸ் பெருகி மணாலி சாலையையே பல இடங்களில் அடித்துக்கொண்டு போனது. மழையில் மலைச்சாலை என்ன ஆகும் என்று கூடலூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டுமா? மார்ச் முதல் ஜூன் நடுவரை, அப்புறம் அக்டோபர், நவம்பர். குல்லு தசரா விஜயதசமியன்று தொடங்கி ஒரு வாரம் நடக்கும். திருவிழா பார்க்க ஆசையில்லாவிட்டால் அந்த வாரத்தைத் தவிருங்கள். வண்டி நகராது.

வெலிங்டனிலிருந்து ஒருவர்: ‘அறையிலேயே ஊற்று நீர்’ என்று சில விடுதிகள் விளம்பரம் செய்கின்றனவே?

சில இடங்களில் உண்மை. ஒரு விடுதியில் நானும் என் ஆட்களும் ‘ஊற்று நீர், ஊற்று நீர்’ என்று பயபக்தியோடு குளித்து முடித்தோம். கரண்ட் போனது, ஊற்றும் நின்றது. மாடியில் கீசர்! அந்தக் கீசர் என்ற சொல்லே ஐஸ்லாந்தில் இருக்கும் கெய்சிர் என்ற பீய்ச்சும் வெந்நீர் ஊற்றின் பெயரிலிருந்து வந்ததுதான், ஆகவே விடுதிக்காரர் முழுப் பொய் சொல்லவில்லை என்று சொல்லி என் ஆட்களைச் சமாதானம் செய்தேன். பணம் கொடுக்கும் முன் குழாயைத் திறந்து பாருங்கள்.

உபதலையிலிருந்து ஒரு அக்கா, போன பயணத்தில் வந்தவர்: வசிஷ்டில் குளித்ததிலிருந்து என் வெள்ளிக் கொலுசு கறுத்துவிட்டது. வெள்ளி போலியா?

கொலுசு அசல்தான் அக்கா. வசிஷ்ட் தண்ணீரில் கந்தகம் இருக்கிறது, அழுகிய முட்டை வாடை அடித்ததே, அதுதான். கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும். மணிகரனில் அந்த வாடை அவ்வளவு இல்லாததால் அங்கே குளித்த உங்கள் தங்கையின் கொலுசு தப்பித்தது. கழற்றி வைக்கச் சொல்ல மறந்தது என் தப்பு. விபூதியைத் தொட்டு ஈரத்துணியால் தேயுங்கள், வெளுத்துவிடும்.