கேத் லேப் வந்தால் போதுமா? வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: மாவட்டத் தலைநகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கேத் லேப் (இதய ரத்தக்குழாய் அடைப்பைக் கண்டறிந்து சரிசெய்யும் கூடம்) வந்துவிட்டது. ஆனால் எங்கள் மலையடிவார ஒன்றியத்தில் மாரடைப்புச் சாவு குறைந்ததாகத் தெரியவில்லை. இதய சிகிச்சை எல்லா ஊருக்கும் நியாயமாகக் கிடைக்கிறதா என்று எங்களால் கணக்கெடுக்க முடியுமா?
- ஊராட்சி உறுப்பினர் ஒருவர்

பதில்: முடியும். எல்லா ஒன்றியத்திலும் ஒரே எண்ணிக்கையில் ஆஞ்சியோபிளாஸ்டி (அடைத்த இதய ரத்தக்குழாயைத் திறக்கும் சிகிச்சை) நடந்தால் அது நியாயம் ஆகிவிடாது. நோய் அதிகமுள்ள இடத்துக்குச் சிகிச்சையும் அதிகம் போக வேண்டும். உதாரணத்துக்கு, இரண்டு ஒன்றியங்களில் தலா 60 பேருக்கு ஆஞ்சியோபிளாஸ்டி நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே காலத்தில் இதய நோய்ச் சாவு ஒன்றில் 60, மற்றதில் 120. பட்டியலில் இரண்டும் சமம். தேவையோடு ஒப்பிட்டால் இரண்டாவது ஒன்றியத்துக்குக் கிடைத்தது பாதிதான்.

சிகிச்சைக் கணக்கைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மருத்துவமனையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் 30 நாளில் பதில் தர வேண்டும். பெயர், முகவரி கேட்டால் தனிநபர் விவரம் என்று மறுத்துவிடுவார்கள். ஒன்றியம், பாலினம், பத்தாண்டு வயதுப் பிரிவு வாரியாக மொத்த எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டக் கணக்கைக் கேட்கும்போது 'நோயாளி வசிக்கும் மாவட்டம்' என்று அழுத்தமாக எழுதுங்கள். மருத்துவமனை இருக்கும் மாவட்டத்தை வைத்துத் தந்தால், எல்லாச் சிகிச்சையும் பெரிய நகரத்தின் கணக்கில் போய்ச் சேரும்.

தேவையைக் கணக்கிடுவதுதான் கடினம். வீட்டில் நடந்த சாவுக்கு மருத்துவர் சான்று பெரும்பாலும் இருக்காது. வீட்டார் சொன்ன காரணமே பதிவாகும். சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகள் பட்டியலை மட்டும் நம்பினாலும் தவறு வரும். பரிசோதனை நன்றாக நடக்கும் ஊரில் நோயாளிகள் அதிகமாகவும், செவிலியர் பணியிடம் காலியாக உள்ள ஊரில் குறைவாகவும் தெரிவார்கள். சாவுப் பதிவையும் நோயாளிகள் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓர் ஒன்றியத்தின் ஓராண்டு எண்ணிக்கை மிகச் சிறியது. இரண்டு சாவு கூடினாலே விகிதம் தாவும். மூன்றாண்டைச் சேர்த்துக் கூட்டுங்கள்.

அடுத்தது நேரம். தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்காதீர்கள். ஜவ்வாது மலையின் 30 கிலோமீட்டரும் நெடுஞ்சாலையின் 30 கிலோமீட்டரும் ஒன்றல்ல. வலி தொடங்கியது, முதல் ஈசிஜி எடுத்தது, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டது, கேத் லேபுக்குள் போனது - இந்த நான்கு நேரங்களும் வேண்டும். மருத்துவமனைக்குள் நுழைந்த 10 நிமிடத்தில் ஈசிஜி எடுக்க வேண்டும். ஈசிஜியில் மாரடைப்பு உறுதியானதிலிருந்து 120 நிமிடத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி செய்ய வழியில்லை என்றால், அந்த ஊசி போடக் கூடாத காரணம் ஏதும் இல்லாதவருக்கு அங்கேயே ஊசி போட்டு அனுப்புவதுதான் சரி. ஊசி போடாமலே ஆம்புலன்ஸில் ஏற்றுவதில்தான் மலையூர்க்காரர்களின் இதயத் தசை வீணாகிறது. ஆகவே தாலுகா மருத்துவமனையில் அந்த மருந்து இருப்பு இல்லாத நாட்கள் எத்தனை, இரவில் ஈசிஜி படிக்க ஆள் உண்டா என்றும் சேர்த்துக் கேளுங்கள். கேத் லேபைவிட இந்த இரண்டு பதில்கள் அதிகம் சொல்லும்.

கேள்வி: ஆஞ்சியோகிராம் (இதய ரத்தக்குழாய் அடைப்பைக் காட்டும் பரிசோதனை) பட்டியலில் பெண்கள் குறைவு. பெண்களுக்கு மாரடைப்பே குறைவுதானே?

பதில்: பெண்களுக்குச் சராசரியாக ஏழு முதல் பத்து ஆண்டு தாமதமாக வருகிறது, வராமல் இருப்பதில்லை. அதனால் ஒரே வயதுப் பிரிவுக்குள் ஒப்பிடுங்கள். ஈசிஜியில் மாரடைப்பு உறுதியானவர்களில் ஆஞ்சியோகிராம் வரை போன ஆண்கள் எத்தனை சதவீதம், பெண்கள் எத்தனை சதவீதம்? இந்த இடத்தில் இடைவெளி தெரிந்தால் அதற்கு நோயின் இயல்பு காரணமல்ல. பெண்களுக்கு மூச்சுத் திணறல், மேல்முதுகு வலி, குமட்டல், அளவில்லாத அசதி என்று வருவதும் உண்டு. 'வாயு' என்று சொல்லி ஈசிஜியே எடுக்காமல் அனுப்பப்பட்டவர்கள் இந்தக் கணக்குக்குள் வரவே மாட்டார்கள். புறநோயாளிப் பிரிவில் 40 வயதுக்கு மேற்பட்ட எத்தனை பெண்களுக்கு ஈசிஜி எடுத்தார்கள் என்பதையும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: 'இதயம் காப்போம்' திட்டத்தில் மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாத்திரை தருகிறார்களே, அது போதாதா?

பதில்: 2023இல் தொடங்கிய நல்ல திட்டம் அது. ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8 என 14 மாத்திரைகளை முதல் தவணையாகத் தருகிறார்கள். ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும் ரத்தக்கட்டி மேலும் வளராமல் தடுக்கும். அடைத்த குழாயைத் திறக்காது. மாத்திரை பெற்றவர் எத்தனை மணிக்கு அடுத்த மருத்துவமனையை அடைந்தார் என்பதையும் பதிவேட்டில் எழுதச் சொல்லி, கிராம சபையில் தீர்மானம் போடுங்கள்.