பயிரில் விளையும் பெட்ரோல்

கேள்வி: எண்ணெய் இறக்குமதிக்குப் பணத்தைக் கொட்டுவதைவிட, பயிரிலிருந்து எத்தனால் எடுத்து வண்டி ஓட்டலாமே? பிரேசில் அப்படித்தானே வெளிநாட்டு எண்ணெயிலிருந்து விடுபட்டது? மற்ற நாடுகள் ஏன் தயங்குகின்றன?

பதில்: பிரேசில் கதையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டீர்கள். 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயைத் தடுத்தபோது, சில மாதங்களில் விலை நான்கு மடங்கானது. தேவையில் பெரும்பகுதியை வெளியே வாங்கிக்கொண்டிருந்த பிரேசில், 1975-ல் கரும்பு எத்தனால் திட்டத்தைத் தொடங்கியது. துணிச்சலான முடிவுதான். எண்பதுகளின் நடுவில் அங்கே விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது எத்தனாலில் மட்டுமே ஓடுபவை.

அப்புறம்? கச்சா எண்ணெய் மலிந்தது, சர்க்கரை விலை ஏறியது, ஆலைகள் சர்க்கரைப் பக்கம் சாய்ந்தன. 1989-90-ல் எத்தனாலுக்குத் தட்டுப்பாடு. சொந்த மண்ணில் விளைந்த எரிபொருள்தான், ஆனாலும் கிடைக்கவில்லை. 2003-ல் பெட்ரோல், எத்தனால் இரண்டில் எதை ஊற்றினாலும் ஓடும் கார்கள் வந்த பிறகுதான் மக்களுக்கு மறுபடி நம்பிக்கை வந்தது. 2006-ல் எண்ணெயில் தன்னிறைவு என்று பிரேசில் அறிவித்ததற்கும் முதல் காரணம் கரும்பு அல்ல. கடலடியில் எடுத்த சொந்த எண்ணெய்.

மற்ற நாடுகளின் தயக்கத்திலும் நியாயம் இருக்கிறது. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால், எத்தனாலில் பெட்ரோலின் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்குதான். பயிருக்குப் போடும் யூரியா பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. டிராக்டர் டீசலில் ஓடுகிறது. இவ்விரண்டையும் இறக்குமதி செய்யும் நாடு எத்தனால் காய்ச்சினால், அதே எரிபொருளைப் பின்வாசல் வழியாக வாங்குகிறது. கரும்பாவது தன் சக்கையை எரித்தே ஆலையை ஓட்டிக்கொள்ளும். மக்காச்சோளத்தில் அந்த வசதியும் இல்லை.

எத்தனாலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வைக்கோல், சக்கை, சாணம் போன்ற கழிவிலிருந்து எரிபொருள் எடுப்பதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். சாப்பிடும் தானியத்தைத் தொட்டியில் ஊற்றுவதை எதிர்க்கிறேன். அரசிடம் இருக்கும் முதல் பணம் ரயிலுக்கும் மின்சாரப் பேருந்துக்கும் போகட்டும். மின்சாரத்தை வெயில், காற்று, நீர் என எதிலிருந்தும் எடுக்கலாம். ஒன்று குறைந்தால் இன்னொன்று தாங்கும்.

சூரியத் தகடும் பேட்டரியும்கூட பல நாடுகளுக்கு வெளியிலிருந்துதானே வருகின்றன என்று கேட்பீர்கள். சரி, வருகின்றன. ஆனால் விற்றவர் நாளைக்கே விற்பனையை நிறுத்தினாலும், கூரையில் ஏற்கெனவே மாட்டிய தகடு இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். எண்ணெய்க் கப்பல் நின்றால், கையிருப்பு தீர்ந்த அன்றே வண்டியும் நின்றுவிடும்.