பின்னால் நின்ற கென் தாம்சன் – கடிதம்

அன்புள்ள சார்,

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் கணினியில் ஆளுக்கொரு எண் கொடுக்கும் யூனிகோட் பற்றி எழுதியபோது, யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தை (கணினியை ஓட்டும் அடிப்படை மென்பொருள்) உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் பெயரைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். நான் எட்டு வருடமாக மென்பொருள் வேலையில் இருக்கிறேன். ஸ்க்ரீனைப் பார்த்துத் தட்டிக்கொண்டே இருந்தால்தான் மேனேஜருக்கு நான் வேலை செய்வதாகத் தோன்றுகிறது. செஸ் ஆடுவேன், அதையும் விட்டாயிற்று. அந்த மனிதர் எப்படி வேலை செய்தார்? வேலைக்கு வெளியே அவருக்கு ஏதாவது இருந்ததா?

(பெயர் வேண்டாம்), கோவை

அன்புள்ள நண்பருக்கு,

செஸ்ஸை விட்டிருக்க வேண்டாம். தாம்சனின் பாஸ்வேர்டே செஸ்தான். பழைய யூனிக்ஸ் கோப்பு ஒன்றில் கிடந்த அதை 2019-இல் சிலர் உடைத்துப் பார்த்தார்கள். ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளும் நகர்வு, ஆச்சரியக்குறியோடு! அவரும் சகா ஜோ காண்டனும் செய்த ‘பெல்’ (Belle) என்ற செஸ் இயந்திரம் 1980-இல் கணினிகளுக்கான உலகப் பட்டம் வென்றது. மாஸ்கோவுக்குக் கொண்டு போகும்போது அமெரிக்கச் சுங்கத்துறை ஏதோ ராணுவச் சரக்கு என்று பிடித்து வைத்துக்கொண்டது. விமானத்திலிருந்து தூக்கிப் போட்டால் வேண்டுமானால் யாராவது சாகலாம் என்கிற மாதிரி கிண்டலடித்தார் தாம்சன். விமானம் ஓட்டுவதும் அவருக்குப் பிடித்தமானது. ரஷ்யாவுக்குப் போய் மிக்-29-இல் பறந்துவிட்டே வந்தார்.

1943-இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். அப்பா கடற்படையில் இருந்ததால் ஊர் ஊராக மாறிய பிள்ளைப் பருவம். பெர்க்லியில் மின்பொறியியல், 1966-இல் பெல் (Bell) ஆய்வகம், அமெரிக்கத் தொலைபேசிக் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடம். 1969-இல் மனைவி ஒரு வயது மகனைத் தூக்கிக்கொண்டு மூன்று வாரம் கலிஃபோர்னியாவில் இருந்த தன் பெற்றோரிடம் போனார். நிரலைத் தட்டி எழுத எடிட்டர், அதை இயந்திர மொழியாக்க அசெம்பிளர், எல்லாவற்றையும் நடத்தும் மையமான கெர்னல். எடிட்டருக்கு ஒரு வாரம், அசெம்பிளருக்கு ஒரு வாரம், கெர்னலுக்கு ஒரு வாரம், யூனிக்ஸ் வந்துவிட்டது. (அதே மூன்று வாரத்தில் நானாக இருந்தால் பரோட்டா பார்சல் வாங்கியிருப்பேன்.) ஆனால் கோப்புகளை எப்படி அடுக்குவது என்பதை முன்பே யோசித்து முடித்திருந்தார். அந்த யோசனையை யாரும் வாரக் கணக்கில் சேர்ப்பதில்லை.

உங்கள் மேனேஜர் விஷயத்துக்கு வருகிறேன். பெல் ஆய்வகத்தில் கூட வேலை செய்த ராப் பைக்கும் தாம்சனும் ஒரே டெர்மினலில் (திரையும் விசைப்பலகையும்) சேர்ந்து நிரல் எழுதுவார்கள். பைக் வேகமாகத் தட்டுவார், அதனால் விசைப்பலகை அவரிடம். தாம்சன் பின்னால் நிற்பார். ஏதாவது உடைந்தால் பைக் உடனே உள்ளே இறங்கித் தோண்ட ஆரம்பிப்பார். தாம்சன் அப்படியே நின்று யோசிப்பார். கொஞ்ச நேரம் கழித்து, என்ன தப்பு என்று தெரிந்துவிட்டது என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பைக் நிரலைப் படித்துக்கொண்டிருந்தார். தாம்சன் அந்த நிரல் மொத்தமும் எப்படி நடக்கிறது என்பதை மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பைக்கே பிற்பாடு சொன்னது இது. இன்றைய ஆபீஸில் அந்தப் பத்து நிமிடத்தில் தாம்சன் பெயருக்குப் பக்கத்தில் ‘ஆள் இடத்தில் இல்லை’ என்று மஞ்சள் விளக்கு எரிந்திருக்கும்.

அப்புறம், நம் சங்கதி. நம் பக்கங்களில் எப்போதாவது தமிழ் உடைந்து, தலையில் கோடு போட்ட குட்டி ஆங்கில ஏ-யும் வட்டத்துக்குள் ஆர்-உம் வரிசையாக வந்து நிற்கும், பார்த்திருப்பீர்கள். யூனிகோட் எண்களைக் கணினியில் பைட்டுகளாக (எட்டு பிட் கொண்ட துண்டுகளாக) எழுதும் முறை யூடிஎஃப்-8. அதில் ‘த’ போன்ற ஓர் எழுத்துக்கு மூன்று பைட். அந்த மூன்றில் முதல் இரண்டைத் தனித்தனி எழுத்தாகத் தப்பாகப் படித்தால் வருவதுதான் அந்த இரண்டு உருவங்கள். முதல் பைட்டைப் பார்த்ததும் ‘என்னோடு சேர்த்து மூன்று பேர்’ என்று தெரியும். மற்ற இரண்டும் தாங்கள் வால் என்று அடையாளம் வைத்திருக்கும். நடுவில் எங்கே அறுந்தாலும் அடுத்த எழுத்தின் தலையை உடனே பிடித்துவிடலாம்.

இந்த ஏற்பாட்டை 1992 செப்டம்பரில் ஒரு புதன்கிழமை இரவு, நியூஜெர்சியில் ஒரு சாப்பாட்டுக் கடையில், தட்டுக்கு அடியில் போடும் காகித விரிப்பில் தாம்சன் போட்டுப் பார்த்தார். எதிரில் பைக். வெள்ளிக்கிழமைக்குள் அவர்கள் உருவாக்கிக்கொண்டிருந்த பிளான் 9 என்ற இயங்குதளம் முழுக்க அதில் ஓடியது. விரிப்பை மட்டும் யாரும் எடுத்து வைக்கவில்லை. வைத்திருக்கலாம் என்று பைக் பிறகு வருத்தப்பட்டார்.