கணினிக்குள் ஓடும் நீரில் எந்தச் சூட்டைப் பார்ப்பது?

கேள்வி: பாளையங்கோட்டையில் மாடி அறை. என் கணினிக்கு நானே குழாய் பொருத்தி நீர்க் குளிர்விப்பு அமைத்தேன். சித்திரை வெயிலில் பிராசசர் 85 டிகிரியைத் தொடுகிறது. தாமிரபரணித் தண்ணீரை வடிகட்டி ஊற்றியதுதான் காரணமா?

பதில்: அந்தத் தண்ணீரை ஊற்றியது தவறுதான். ஆனால் சூட்டுக்குக் காரணம் அதுவல்ல.

நீரின் சூட்டைக் காற்றில் இறக்கும் ரேடியேட்டரின் விசிறி தள்ளுவது உங்கள் அறைக் காற்றைத்தான். அதனால் எத்தனை செலவழித்தாலும் நீர் அறையைவிடக் குளிராது. அறை 37 டிகிரி, நீர் 47 என்றால் வித்தியாசம் 10. அமைப்பு நன்றாகவே இருக்கிறது. அதே 47 மார்கழியில், அறை 26 டிகிரியாக இருக்கும்போது வந்தால்தான் கவலைப்பட வேண்டும். பம்ப் மெதுவாகியிருக்கலாம், குழாயில் காற்று தங்கியிருக்கலாம், ரேடியேட்டர் அடைத்திருக்கலாம். நீரின் சூட்டிலிருந்து அறையின் சூட்டைக் கழித்து வரும் எண்ணைத்தான் தினமும் பாருங்கள். ஒரே அளவு வேலையைக் கொடுத்து, அரை மணி நேரம் கழித்துக் குறித்தால்தான் அந்த எண்ணை ஒப்பிட முடியும்.

இதற்கு நீர்ப் பாதையில் திருகிப் பொருத்தும் வெப்ப உணரி ஒன்று, காற்று நுழையும் இடத்தில் இன்னொன்று போதும். விசிறியின் வேகத்தையும் நீரின் சூட்டோடு இணையுங்கள். பிராசசரின் சூடு நொடியில் 20 டிகிரி தாவும். அதன் பின்னால் ஓடினால் விசிறி ஓயாமல் ஏறி இறங்கி இரையும். நீர் நிதானமாகச் சூடாகும். பரவலாகப் பயன்படும் டி5 பம்புக்கு 60 டிகிரி நீர்தான் எல்லை. நான் 50-ஐத் தாண்ட விடுவதில்லை. பிராசசரின் 85-க்கு அஞ்ச வேண்டாம். இன்றைய பிராசசர்கள் பலவும் 95, 100 டிகிரியை ஒட்டித்தான் தாமாக வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன.

ஆற்று நீரை இன்றே வடித்துவிடுங்கள். நாவுக்கு இனிக்கும் நீரில் உப்புகளும் உண்டு, பாசியின் நுண்வித்தும் உண்டு. பிராசசரின் மேல் அமரும் செம்புத் தகட்டில் நீர் ஓடும் நுண்ணிய பள்ளங்களை இரண்டும் அடைக்கும். காய்ச்சி வடித்த நீரில் அரிப்புத் தடுப்பானும் பாசிக்கொல்லியும் கலந்து ஊற்றுங்கள். ரேடியேட்டர் அலுமினியம் என்றால் மாற்றியே ஆகவேண்டும். செம்போடு ஒரே நீரில் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும்.

நிரப்பும்போது பம்ப் வறண்டு ஓடக்கூடாது. மதர்போர்டுக்கு மின்சாரம் தராமல், பம்பை மட்டும் 24 மணி நேரம் ஓட்டி, ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் காகிதக் கைக்குட்டை வையுங்கள். எனக்கு ஒருமுறை ஆறு மணி நேரம்வரை காய்ந்திருந்த காகிதம், மறுநாள் காலையில் நனைந்திருந்தது.

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய்க் காற்று புழுதியோடு வரும். அப்போது நீருக்கும் அறைக்கும் உள்ள அந்த 10 டிகிரி வித்தியாசம் மெல்ல 13, 14 ஆனால், விசிறிகளைக் கழற்றி ரேடியேட்டரை ஊதிச் சுத்தம் செய்யுங்கள்.