வழிபாட்டு அடையாளங்களின் பொருளை மாணவர்களுக்கு எப்படிச் சொல்லித்தருவது?

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அடையாளங்களின் பட்டியலை மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள், பொருள் மட்டும் பதியவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கத்தோலிக்கப் பங்கில் ஞாயிறு மறைக்கல்வி எடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பட்டியலை மூடிவைத்துவிட்டு, பூசை இல்லாத நேரமாகப் பார்த்து அவர்களைக் கோவிலுக்குள் கூட்டிப் போங்கள். ‘மெழுகுதிரி என்றால் கிறிஸ்துவின் ஒளி’ என்பது ஒரு மதிப்பெண் வாங்கித் தரும், அவ்வளவுதான். அந்தத் திரி எப்போது வெளியே வருகிறது, அப்புறம் எங்கே போகிறது என்று கூடவே போய்ப் பார்க்க வையுங்கள்.

பாஸ்கா திரியை, அதாவது ஈஸ்டருக்கு ஏற்றும் பெரிய மெழுகுதிரியை, எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் நடுவில் சிலுவை, மேலும் கீழும் கிறிஸ்துவே தொடக்கமும் முடிவும் என்பதற்காக அகரம், னகரம் (சில திரிகளில் ஆல்பா, ஒமேகா என்ற கிரேக்க எழுத்துகளே இருக்கும்), நான்கு பக்கமும் அந்த ஆண்டின் நான்கு இலக்கங்கள், இயேசுவின் ஐந்து காயங்களுக்காகச் செருகிய ஐந்து சாம்பிராணி மணிகள். ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனி இரவில் விளக்கெல்லாம் அணைத்த கோவிலுக்குள் முதலில் வரும் வெளிச்சம் இதுதான். ஈஸ்டர் காலத்தின் கடைசி நாளான தூய ஆவியார் பெருவிழா முடிந்ததும் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) தொட்டிப் பக்கம் போய்விடும். குழந்தைக்குத் திருமுழுக்கு என்றால் குழந்தையின் திரியை இதிலிருந்துதான் பற்றவைப்பார்கள். அடக்கப் பூசையில் சவப்பெட்டி அருகே இதையே ஏற்றி வைப்பார்கள். இதைக் கேட்டதும், “அப்போ எங்க தாத்தா பக்கத்துல வெச்சதும் இதானா சார்?” என்று எவனாவது கேட்பான். பாடம் அங்கேதான் தொடங்குகிறது. நீங்கள் கொஞ்சம் பேசாமல் இருங்கள்.

நிறங்களுக்கு அட்டவணை ஒட்டவே வேண்டாம். சாமியார் என்ன நிறம் உடுத்தினார் என்று வாராவாரம் அவர்களே குறித்து வரட்டும். பச்சையே வந்து வந்து சலிப்பார்கள். சலிக்கட்டும், பெரிய விழாக் காலங்கள் போக மீதியுள்ள பொதுக்காலம் நீளம்தான். கிறிஸ்துமஸுக்கு வெள்ளை, மறுநாளே சிவப்பு ஏன் என்று கேட்டால், அன்று விழா கொண்டாடும் முதல் மறைசாட்சி ஸ்தேவான் கதையைச் சொல்லலாம்; விசுவாசத்துக்காகச் சிந்திய இரத்தத்தின் நிறம் அது. பொங்கல் சமயத்தில், ஜனவரி 14 அன்று, 1752-இல் சுட்டுக் கொல்லப்பட்ட நம் தேவசகாயத்துக்கும் அதே சிவப்பு.

சாம்பல் புதன் வந்தால் ‘இது திருநீறு மாதிரியா?’ என்ற கேள்வி நம்மூரில் நிச்சயம். அதட்டாதீர்கள். போன வருடக் குருத்து ஞாயிறு ஓலையை எரித்த சாம்பல் இது, மண்ணுக்குத் திரும்புவோம் என்று தொடக்கநூல் சொல்வதை நினைவூட்டப் பூசுகிறோம் என்று சொன்னால் போதும். வேறுபாடு அவர்களுக்கே தெரியும்.

வகுப்பில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை என்ற சீர்திருத்தச் சபை) பிள்ளைகள் இருந்தால், அவர்கள் கோவிலில் உள்ள, இயேசுவின் உருவம் இல்லாத சிலுவை உயிர்ப்பை நினைவூட்டுவது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம்முடையது சரி, அவர்களுடையது குறை என்கிற தொனி வேண்டாம்.

பள்ளி நேரத்தில், எல்லா மதப் பிள்ளைகளும் உள்ள வகுப்பில் எடுப்பதானால் ஒன்று: அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதமில்லாமல் யாரையும் மதபோதனையில் உட்காரவைக்க அரசியலமைப்பின் 28(3) இடம் தரவில்லை. தலைமையாசிரியரிடம் பேசிவிட்டு, சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு தொடங்குங்கள்.